மூன்று சம்மதம் கேட்கும் கேதீஸ்வரி

"இல்ல தம்பி. இண்டைக்கு விடேலா."

கேதீஸ்வரி தேங்காய் திருவிக்கொண்டே ரொறன்ரோவை நிறுத்திவைத்தார். குசினி மேசையில், மிளகாய்த்தூள் போத்தலுக்கும் சீனிப் பேணிக்கும் நடுவில் இருந்த கொம்பியூட்டருக்குள்ளிருந்து ஜெயரூபனின் குரல் கெஞ்சியது. அவனுக்கு அங்கே முந்திய நாளின் பின்னேரம். இங்கே காகம் கத்தத் தொடங்கும் நேரம்.

"எல்லாம் முடிஞ்சுதக்கா. ஒருக்காப் பாருங்களன்."

"போன கிழமையும் முடிஞ்சுது எண்டுதான் சொன்னீங்க. மறுகா வந்து இன்னொரு சாமான் சேத்தீங்க."

"அது சின்னச் சாமான்."

"சின்ன முள்ளுத்தான் தம்பி தொண்டையில நிக்கிற. பெரிய முள்ள ஆரு விழுங்குறா?"

ரொறன்ரோ பெருமூச்சு விட்டது. கேதீஸ்வரி பாதித் தேங்காயைத் திருப்பிப் பிடித்து ஓரத்தில் மிச்சமிருந்ததையும் திருவினார். ஒரு வெளியீடு பின்போடப்பட்டது, ஒரு சம்பல் முன்னேறியது. நாவற்குடாவில் அவருடைய வீட்டில் 2008ஆம் ஆண்டின் பெரும்பாலான காலைகள் இப்படித்தான் விடிந்தன.

பகலில் அவர் மட்டக்களப்பு ரவுணில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் காரியாலயத்தில் அரிசி மூட்டைகளையும் மண்ணெண்ணெய்ப் பீப்பாக்களையும் கொம்பியூட்டரில் பதிபவர். நாற்பதைத் தாண்டியவர். நடக்கும்போது ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நடப்பார், தோளில் எப்போதும் தொங்கும் பையின் பாரம் அப்படி. அந்தப் பைக்குள் குடை, சாப்பாட்டுப் பெட்டி, தலையிடிக் குளிசை, இவற்றோடு மூன்று மென்பொருள்களின் நிகழ்காலமும் எதிர்காலமும் ஒரு பிளாஸ்டிக் உறையில் கிடக்கும்.

கட்டற்ற மென்பொருள் என்பது ஒரு விசித்திரமான கூட்டுக் குடித்தனம். ஆக்கியவர் அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பார். எவரும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்குக் கொடுக்கலாம். சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாதபடியால் முதலாளி கிடையாது. முதலாளி இல்லாதபடியால் ‘ஏன் இன்னும் முடியவில்லை’ என்று கேட்கும் உரிமை எவருக்கும் கிடையாது. அந்த உரிமை இல்லாமலே கேட்டுக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். அவருக்கு வெளியீட்டு இணைப்பாளர் என்று பெயர். இந்தப் பதவிக்கு ஆள் பிடிக்கும் முறை எளிமையானது: கூட்டத்துக்கு வராதவரை ஏகமனதாகத் தெரிவுசெய்வது. அன்றைக்குக் கேதீஸ்வரி காய்ச்சலில் படுத்திருந்தார்.

அவர் இணைத்துவைக்க வேண்டியவை மூன்று. சுனாமி அடித்த அடுத்த வருடம் வெள்ளை ஜீப்புகளில் வந்து இறங்கியவர்களில் ஒரு ஜெர்மன்காரர், கரையோரக் கிராமங்களுக்கு எச்சரிக்கைப் பெட்டி செய்து தருவதாகச் சொன்னார். செய்தும் தந்தார். முதல் மென்பொருள், உலகில் எங்கே கடலடியில் நிலம் அதிர்ந்தாலும் வெளிநாட்டு ஆய்வு நிலையம் ஒன்று இணையத்தில் போடும் அறிவித்தலை வாசிக்கும். அதற்குப் பெயர் கேட்பான். இரண்டாவது, அதைக் குறுஞ்செய்தியாக்கி ஊராரின் போன்களுக்கு அனுப்பும். அது சொல்லுவான். மூன்றாவது, கிராமத்திலுள்ள பெட்டிக்குள் இருந்து, அதே குறுஞ்செய்தி வந்ததும் சைரனை அலறவிடும். அது ஊதுவான்.

கேட்பானைப் பார்த்துக்கொள்பவன் ஜெயரூபன். பெரியகல்லாற்றுப் பிள்ளை, கனடாவில் குளிருக்குள் இருந்துகொண்டு ஊர்க் கடலுக்குக் காது கொடுப்பவன். சொல்லுவானைப் பார்ப்பவன் காத்தான்குடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் றமீஸ். கேட்பானும் சொல்லுவானும் குடியிருப்பது அவனுடைய கடையின் பின்னறைக் கொம்பியூட்டரில்தான். ஊதுவானை எழுதிய ஜெர்மன்காரருக்குச் சுனாமி நிதி முடிந்த மாதமே ஆர்வமும் முடிந்துபோனது. அந்த அநாதையையும் கேதீஸ்வரியே எடுத்து வளர்த்தார்.

மூன்றும் தனித்தனிக் குடும்பங்கள். கேட்பானைச் சிலி நாட்டிலும் பாவிக்கிறார்கள், அவர்கள் ஒரு மாற்றம் கேட்பார்கள். சொல்லுவானை மலேசியாவில் ஒரு பள்ளிக்கூடம் பாவிக்கிறது, அவர்கள் வேறொன்று கேட்பார்கள். ஒருவன் நல்லெண்ணத்தோடு ஓர் ஆணியைத் திருப்ப, மற்றவனுடைய கூரை பறக்கும். ஆகவே கேதீஸ்வரி ஒரு சட்டம் வைத்திருந்தார். தனிய ஒருவரும் அப்டேட் செய்யொண்ணா. மூன்று பகுதியும் சேர்ந்துதான் வெளியே போக வேண்டும். அதற்கு மூன்று பேரும் எழுத்தில் ‘ஓம்’ சொல்ல வேண்டும். ‘ஓம் போல’, ‘அநேகமா ஓம்’, ‘இன்ஷா அல்லாஹ்’ ஆகியவை சம்மதமாகக் கணக்கெடுக்கப்பட மாட்டா. கடைசியாகச் சொல்லப்பட்டதைப் பற்றி றமீஸ் மார்க்க ரீதியாக ஆட்சேபித்தான். "அல்லாஹ் நாடினா எண்டு சொல்லாம நான் எப்படியக்கா நாளையச் சொல்ற?"

"நாளைக்குச் சொல்லாதீங்க தம்பி. முடிச்சாப்பிறகு, முடிஞ்சுது எண்டு சொல்லுங்க. அதுக்கு மார்க்கத்தில தடையில்லத்தானே?"

இந்த மூவருக்கும் ஒத்துவரும் ஒரு நாளைக் கண்டுபிடிப்பது கல்யாணத்துக்கு நாள் பார்ப்பதை விடக் கடினம். வெள்ளிக்கிழமை றமீஸுக்கு ஜும்ஆத் தொழுகை. நோன்பு மாதத்தில் அவனிடம் எதுவும் கேட்கக் கூடாது, பெருநாளுக்கு முந்திய கிழமையில் கேட்டாலும் பதில் வராது. வைகாசியில் கண்ணகையம்மன் சடங்கு, கேதீஸ்வரி கொம்பியூட்டரைத் துணிபோட்டு மூடிவிடுவார். அறுவடைக் காலத்தில் அவருடைய புருசன் அழகரத்தினம் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயலோடு நிற்பார், வீட்டில் எல்லாம் இவர் தலையில். ரொறன்ரோவில் பனி கொட்டினால் ஜெயரூபனின் மனம் சோரும். இவற்றுக்கு மேலாக, காரணம் சொல்லாமல் போன் சிக்னல் நின்றுபோகும் நாட்களும் உண்டு. வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது, அதற்கு எந்தப் பதிப்பிலும் திருத்தம் இல்லை.

குசினிச் சுவரில் இருந்த மணிக்கூடு கிரீன்விச் நேரத்தைக் காட்டும். உலகத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நேரம் வேண்டுமாம். அழகரத்தினம் அதைப் பார்த்து ஐந்தரை மணித்தியாலம் கூட்டித்தான் தேத்தண்ணி கேட்பார். நேர விசயத்தில் இந்த மாவட்டம் பட்டதை நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன்வரை வாவியின் இந்தக் கரையில் அரசாங்கம் ஒரு நேரம் வைத்திருந்தது, அந்தக் கரையில் இயக்கம் அரை மணித்தியாலம் பிந்திய நேரம் வைத்திருந்தது. தோணியில் ஏறினால் சுகமாக இளமையாகலாம். 2006 சித்திரையில் அரசாங்கமும் தன்னுடைய மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியது. ஊரெல்லாம் சந்தோசப்பட்டபோது கேதீஸ்வரி மட்டும் முகம் சுளித்தார். "ஒரு சொல்லு முன்னுக்குச் சொன்னானுகளா? இப்படியா அப்டேட் பண்ணுற?"

மூன்று முறை அவர் பதவி விலகிக் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் உலகெங்குமிருந்து உருக்கமான நன்றிகள் வந்து குவிந்தன. சிலியிலிருந்து ஒருவர் கண்ணீர் வடிக்கும் மஞ்சள் முகம் ஒன்றையும் அனுப்பியிருந்தார். அடுத்த நாள் அதே ஆட்கள் அதே முகவரிக்கு எழுதினார்கள்: ‘அடுத்த வெளியீடு எப்போது?’

"ஒருத்தனுக்கும் வெக்கமில்ல," என்றார் கேதீஸ்வரி. பிறகு உட்கார்ந்து, எப்போது என்று பதில் எழுதினார்.

அவருடைய சட்டம் ஒரேயொரு முறைதான் மீறப்பட்டது. அந்த வருடச் சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கடைக்கு வந்த றமீஸ், நல்ல மனநிலையில் இருந்தபடியால், சொல்லுவானின் புதிய பதிப்பை ஏற்றிவிட்டான். வேகமானது என்று கேள்விப்பட்டிருந்தான். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பிப் பார்த்தான், பறந்து போனது. தமிழில் பார்க்கத் தோன்றவில்லை. தமிழெழுத்துப் போனுக்குள் இடம் கூடப் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஒரே துண்டாகப் போகும் சேதி தமிழில் இரண்டு துண்டாகத்தான் போகும். புதிய சொல்லுவான் முதல் துண்டை அனுப்பிவிட்டு இரண்டாவதை மென்று விழுங்கியது.

அடுத்த நாள், இது எதுவும் அறியாத ஜெயரூபன், எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்கும் மாதாந்தப் பரீட்சைச் செய்தியை அனுப்பினான். ‘கடல் பெருகி வருகிறது. எல்லோரும் உடனே பள்ளிக்கூட மாடிக்கு ஏறுங்கள். இது பரீட்சை மட்டும்.’ மூன்றாவது வாக்கியம் காத்தான்குடியில் செத்துப்போனது. முதல் இரண்டும் பெரியகல்லாற்றுக்குப் போய்ச் சேர்ந்தன. பரீட்சை என்ற சொல்லைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டிய ஊதுவான், அந்தச் சொல்லைக் காணாதபடியால் தன் கடமையைச் செய்தது.

ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவில் ஒரு நாடாவைப் போலக் கிடக்கும் ஊர் அது. ஓடுவதற்கு அதிக இடமில்லை. ஊரே பள்ளிக்கூட மாடிக்கு ஏறியது. அடுப்பில் சோறு கருகியது. மாடிப்படியில் நெரிபட்டு, ஊர் மாதர் சங்கத் தலைவி சீதேவிப்பிள்ளையின் மருமகள் விழுந்து கை முறிந்தது. மத்தியானம் வரை எல்லோரும் மேலே நின்று, கண்ணாடி போலக் கிடந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பின்னேரம் சீதேவிப்பிள்ளை சங்கக் கட்டடத்தைத் திறந்தார். உள்ளே இருந்த சைரன் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினார். கதவைப் பூட்டி, பூட்டிலிருந்து திறப்பை உருவி முந்தானையில் முடிந்துகொண்டார். கேதீஸ்வரி போனில் மன்னிப்புக் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வசனம்: "செத்தா நாங்க கடலால சாவம் தங்கச்சி. உங்கட பெட்டியால சாகேலா."

அதற்குப் பிறகு எட்டு மாதம் பெரியகல்லாற்றுக் கடற்கரையைக் காவல் காத்தவர்கள் நாய்களும் கடவுளும்தான்.

கேதீஸ்வரி சும்மா இருந்திருக்கலாம். பூட்டிய கதவு பூட்டியபடி, பழைய பதிப்புப் பழையபடி. ஆனால் ஐப்பசியில் அந்த வெளிநாட்டு ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பணிவான அறிவித்தல் வந்தது. வருட முடிவோடு அதிர்வுச் செய்திகளைப் பழைய வடிவத்தில் போடுவதை நிறுத்துகிறார்களாம். புதிய வடிவத்துக்கு மாறாதவர்கள் மாறிக்கொள்ளட்டுமாம். அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம். மாறாவிட்டால் கேட்பானுக்குக் காது அடைக்கும். அடைத்தது என்று அது சொல்லவும் மாட்டாது. கேட்டுக்கொண்டிருப்பது போலவே பாவனை செய்துகொண்டிருக்கும். சில புருசன்மார் மாதிரி என்றார் கேதீஸ்வரி, அழகரத்தினம் பக்கத்தில் இருக்கும்போதே.

ஆகவே புதிய கேட்பான். அதற்கேற்ற புதிய சொல்லுவான். பரீட்சையா உண்மையா என்பதைச் செய்தியின் தலையிலேயே எழுதும் திருத்தம் அதில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ளப் புதிய ஊதுவான். மூன்றும் மார்கழிக்குள் சேர்ந்து வெளிவர வேண்டும். வந்தாலும், சீதேவிப்பிள்ளை முந்தானை முடிச்சை அவிழ்க்காவிட்டால் அந்த ஊருக்குப் பிரயோசனமில்லை.

ஜெயரூபன் இரண்டு கிழமை இழுத்தான். அலையின் உயரத்தைக் கணக்கிட்டுப் படம் கீறும் ஒரு வித்தையைக் கேட்பானுக்குள் நுழைக்க ஆசைப்பட்டான். "படம் பாக்கிற நேரமா அது?" என்று கேட்டுக் கேதீஸ்வரி அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளினார். அவர் சம்பல் அரைத்த கையோடு நின்ற ஒருநாள் அவனுடைய ‘ஓம்’ வந்து சேர்ந்தது. பின்னால் வாலொன்றும் இல்லாத, சுத்தமான ஓம்.

றமீஸிடம் நேரில் போனார். காத்தான்குடிக் கடையில் அவன் ஒரு போனின் வயிற்றைப் பிளந்துவைத்து ஊதிக்கொண்டிருந்தான். சித்திரைக்குப் பிறகு அவன் மாறிப்போயிருந்தான். முன்பு எதையும் கேட்காமல் ஏற்றியவன் இப்போது எதையும் ஏற்றப் பயந்தான்.

"இன்னும் ஒருக்காப் பாக்கணும் அக்கா."

"எத்தின தரம் பாத்தீங்க?"

"பாத்துட்டுத்தான் இரிக்கன். பாக்கப் பாக்கப் பயமா இரிக்கி. அந்தப் புள்ளட கை முறிஞ்ச என்னாலதானே."

கேதீஸ்வரி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆறுதல் சொல்வது அவருக்கு வராது. "றமீஸ், நீங்க ஓம் எண்டு எழுதாட்டி நான் போகமாட்டன். எனக்கு நாரி நோகுது. உங்கட கதிரை நல்லாயில்ல."

றமீஸ் கையிலிருந்த போனைக் கீழே வைத்தான். கொம்பியூட்டர்ப் பக்கம் திரும்பி இரண்டு எழுத்து அடித்தான். அடித்துவிட்டு, சத்தமில்லாமல் உதடு அசைய வேறேதோ சொன்னான். கேதீஸ்வரி அதைக் கேட்காதது போல எழுந்தார்.

மூன்றாவது சம்மதம் அவருடையது. அதை அவரே அவருக்கு எழுதி அனுப்பினார். சட்டம் சட்டம்தான்.

மழை ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை காலையில் கல்முனை பஸ்ஸில் ஏறினார். வழியில் செக்பொயின்ற்றில் எல்லோரும் இறங்கி நடந்தார்கள். அவருடைய பையிலிருந்து வட்டுகளும், வயரும், குறுஞ்செய்தி பிடிக்கும், அன்டனாக் குச்சி முளைத்த ஒரு சிறிய கறுப்புப் பெட்டியும் வெளியே வந்தபோது, சோதித்த படைவீரனின் முகம் இறுகியது. அந்த நாட்களில் அன்டனா வைத்திருப்பது நல்ல பழக்கமல்ல. "இது என்ன?" என்றான், தெரிந்த தமிழில். கட்டற்ற மென்பொருளின் தத்துவத்தை விளக்க அது இடமல்ல என்று கண்ட கேதீஸ்வரி ஒரே சொல்லில் பதில் சொன்னார். "சுனாமி."

அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவன் கையை எடுத்துவிட்டான். எல்லாவற்றையும் அவனே மெதுவாகப் பைக்குள் திருப்பி வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "திரும்ப வாறதா?" என்று கேட்டான். தெற்கே காலியோ மாத்தறையோ, அவனுக்கும் ஒரு கடற்கரை இருந்திருக்க வேண்டும்.

"தெரியா," என்றார் கேதீஸ்வரி. உண்மை அதுதான்.

சீதேவிப்பிள்ளை முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. கேதீஸ்வரி நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பழைய பெட்டி செவிடாகப் போவது, புதியதில் என்ன திருத்தம், ஏன் இனி அப்படி நடக்காது. சொல்லச் சொல்ல அவருக்கே அலுத்தது.

"இதுதான் கடைசியா?" என்றார் சீதேவிப்பிள்ளை.

"என்ன கடைசி?"

"இனி வந்து கைவைக்கமாட்டீங்களே? இது இப்படியே கிடக்குமே?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் திறப்புக் கிடைத்திருக்கும். கேதீஸ்வரி பையை மற்றத் தோளுக்கு மாற்றினார். "இல்ல சீதேவியக்கா. இன்னும் வரும். வருசத்தில ஒருக்காவெண்டாலும் வரும். வராம விட்டாத்தான் நீங்க பயப்படணும்."

சீதேவிப்பிள்ளை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "பொய் சொல்லவும் தெரியாத ஆளத்தான் அனுப்பியிரிக்கானுகள்," என்று கருவாட்டிடம் சொன்னார். பிறகு முந்தானையை அவிழ்த்தார். ஆனால் திறப்பைக் கொடுக்கவில்லை. விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு நிபந்தனையைச் சொன்னார். பெட்டியை மாற்றலாம். மாற்றியதும் எல்லோருக்கும் கேட்க ஒருமுறை ஊதிக் காட்ட வேண்டும். முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும். "சொல்லியும் ஒரு ஆள், ஒரேயொரு ஆள் ஓடினாலும், பெட்டியப் பிடுங்கி வாவிக்குள்ள போட்டுருவன். இன்னொருத்தி கை முறிய நான் பாத்திட்டு நிக்கேலா."

பெட்டிக்குள் வட்டைப் போட்டுப் புதிய ஊதுவானைக் குடியேற்ற அதிக நேரம் எடுக்கவில்லை. அன்றைக்கு ஒருமுறை மட்டும், பரீட்சை என்ற சொல்லைக் கண்டாலும் ஊதும்படி அதற்குச் சொல்லிவைத்தார். ஊரைத் தயார்ப்படுத்தத்தான் வெயில் ஏறிவிட்டது. கேதீஸ்வரி வேலிகளுக்கு நடுவே ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து போனார். ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் அதே வசனம். "இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். பரீட்சைக்கு. ஆரும் ஓட வேணாம்."

"அப்ப உண்மையா வந்தா?"

"உண்மையா வந்தா ஓடணும்."

"நல்ல கதை. இண்டைக்குப் பன்னிரண்டு மணிக்கு உண்மையா வந்தா?"

"வராது."

"கடலுக்கும் அறிவிச்சிட்டீங்களாகா?" என்று கேட்டாள், குடத்தோடு நின்ற ஒருத்தி. பக்கத்து வேலிக்குள் சிரிப்பு எழுந்தது. கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் அதோடு நிற்கவில்லை. "அதிட்டயும் ஒரு ஓம் எழுதி வாங்கியிரிக்கலாம் தங்கச்சி. நீங்கதான் எல்லாத்திட்டயும் வாங்குற ஆளாமே. ஜெயரூபன் சொன்னவன்."

கேதீஸ்வரியும் சிரித்தார், சிரிக்கத் தெம்பில்லாத சிரிப்பு. தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த படலைக்குப் போனார். எல்லா வீட்டுக்கும் சொன்னார். கோயில் ஐயரிடம் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் சொன்னார். காது கேளாத ஒருவருக்குச் சைகையால் சொன்னார், அவர் பயந்துபோய் ஓட ஆயத்தமானார், பிடித்து இருத்தி மறுபடி சொன்னார்.

நேரம் நெருங்கியபோது ஊர் வாசலுக்கு வந்து நின்றது. சிரிப்பு நின்றுவிட்டது. சங்கக் கட்டடத்து யன்னலுக்குள் சீதேவிப்பிள்ளை நின்றார், வலதுகை பெட்டியின் பிளக்கில். கேதீஸ்வரி ரோட்டின் நடுவில், ஒரு கையில் போன், மற்றக் கையில் மணிக்கூடு. றமீஸுக்கு ‘விடுங்க’ என்று சொன்னார்.

போன் நடுங்கியது. ‘பரீட்சை. பரீட்சை. இது பரீட்சை மட்டும்.’ தலையில் இருக்க வேண்டியது தலையில் இருந்தது. எல்லாம் முழுதாக வந்திருந்தது. கேதீஸ்வரி திருப்தியோடு அதை வாசித்துக்கொண்டிருக்கும்போதே சைரன் பிடித்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. தென்னை ஓலைகளுக்குள்ளால் அது ஏறி, ஊருக்கு மேலே நின்று அலறியது. பெண்கள் வேலிக் கம்புகளைப் பிடித்துக்கொண்டார்கள். வலை பொத்தியவர் இரண்டு கையாலும் கதிரையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார், கதிரைதான் ஓடப்போகிறது என்பது போல. குடத்தோடு நின்றவளின் உதடு அசைந்தது. ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை. ஒருவரும் அசையவில்லை. சொன்ன சொல்லுக்கு அந்த ஊர் கட்டுப்பட்டு நின்றது.

ஓடியது ஒரேயொரு ஆள்தான்.

எப்போது ஓடத் தொடங்கினார் என்று கேதீஸ்வரிக்குத் தெரியாது. போன் மண்ணில் கிடந்தது. செருப்பு ஒன்று ரோட்டில் கிடந்தது. பள்ளிக்கூடப் பக்கம் பாதி ஒழுங்கை கடந்த பிறகுதான், தன் இடுப்பில் ஒரு பாரம் இருப்பதை உணர்ந்தார். எந்தப் படலையிலிருந்து தூக்கினார் என்று நினைவில்லை. இரண்டு வயதுகூட இராத பெண்பிள்ளை, கையில் கடித்த பணிஸ் துண்டு. அழவில்லை, இந்தப் புதிய வாகனத்தின் வேகத்தை வியந்துகொண்டிருந்தது.

சைரன் நின்றது.

ஊர் முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெளியீட்டு இணைப்பாளர், ஒழுங்கையின் நடுவில், ஒற்றைக் காலில் செருப்போடு, கொண்டை அவிழ்ந்து, ஊரான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. கேதீஸ்வரி சங்கக் கட்டடத்து யன்னலைப் பார்த்தார்.

சீதேவிப்பிள்ளையும் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிளக்கிலிருந்து கையை எடுத்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது. கதவைப் பூட்டாமல் வெளியே வந்து, ரோட்டில் கிடந்த செருப்பைப் பொறுக்கிக்கொண்டு ஒழுங்கைக்குள் நடந்து வந்தார்.

"முடிஞ்சுது தங்கச்சி," என்றார். "புள்ளைய இறக்கி விடு."

பிள்ளையின் தாய் பக்கத்தில் வந்து கையை நீட்டியபடி நின்றாள். கேதீஸ்வரி தலையாட்டினார். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.